கையெழுத்து வைக்க ஏலாத மனுசன்

இன்கேபபிள் என்ற ஆங்கிலச் சொல்லை வைத்து நான் பதினெட்டு வருடம் சோறு தின்றிருக்கிறேன். அந்தச் சொல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அறுபது எழுபது பேருக்கு முன்னால், இன்னொருவர் வாயில் இருந்து திரும்பி வந்து என் முகத்தில் அறைந்தது. அதுதான் பெரிய அடி என்று அப்போது நினைத்தேன். இல்லை. மூன்று நாள் கழித்து வந்ததுதான் பெரிது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், புடவைக் கடைக்கு மேல் மாடியில் எனக்கு ஒரு சின்ன அறை இருக்கிறது. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்று கதவில் மூன்று மொழியிலும் பலகை தொங்குகிறது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தவள், அதை விட்டுவிட்டு இதற்கு வந்தேன். பிறப்புச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், காணி உறுதி எல்லாம் வரும். ஆனால் அதிகம் வருவது கடிதம். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் தாய் தகப்பனை அங்கே கூப்பிட்டு எடுப்பதற்கு, இங்கே இருந்து போக வேண்டிய கடிதம். வருகிறவர்கள் எல்லாரும் படியேறி வந்து, மூச்சு வாங்கி, நாற்காலியில் இருந்ததும் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள்.

"மிஸ், கொஞ்சம் கூட்டி எழுதுங்கோ."

கூட்டி எழுதுவதற்கு என்னிடம் இருந்த சரக்கு இன்கேபபிள். ஆங்கிலத்தில் அனேபிள் என்று ஒரு சொல் இருக்கிறது. அது இப்போதைக்கு முடியவில்லை என்பது. பஸ் ஓடாத நாளில் நான் வேலைக்கு வர அனேபிள். நாளைக்கு பஸ் ஓடினால் வந்துவிடுவேன். இன்கேபபிள் அப்படி இல்லை. அது ஆளுக்குள்ளேயே கிடக்கும் இல்லாமை. நாளைக்கு என்ன, அடுத்த வருடமும் மாறாது. ஒரே ஒரு இடத்தில்தான் அது புகழ்ச்சியாக வரும். பொய் சொல்ல இன்கேபபிள் என்று ஒரு மனிதரைப் பற்றி எழுதினால், அதைவிடப் பெரிய நற்சான்று வேண்டியதில்லை. மற்ற இடமெல்லாம் அது கதவைச் சாத்துகிற சொல். தமிழில் எங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. எல்லாவற்றுக்கும் ஏலாது என்று ஒன்றையே வைத்திருக்கிறோம். காய்ச்சல்காரனும் ஏலாதவன், கால் இழந்தவனும் ஏலாதவன், மீன் வெட்டப் பஞ்சிப்படுகிற சோம்பேறிப் பெண்ணும் "எனக்கு ஏலாது" என்றுதான் சொல்வாள்.

தாயைத் தனியே விட ஏலாது என்று பிள்ளைகள் சொல்வதை, தாய் தனியே வாழ இன்கேபபிள் என்று நான் எழுதுவேன். விசா கொடுக்கிறவர்களுக்கு அந்தச் சொல் பிடிக்கும் என்று ஒரு நம்பிக்கை. கம்ப்யூட்டரில் ஒரே கடிதம் இருக்கிறது. பெயரை மாற்றுவேன், நோயை மாற்றுவேன், அந்தச் சொல்லை மட்டும் மாற்ற மாட்டேன். கொலன்னாவையில் இருந்து ஒரு அம்மா, கைப்பிடி இல்லாத என்னுடைய படியில் ஒரு பை மரவள்ளிக்கிழங்கோடு விறுவிறு என்று ஏறி வந்து, தான் படியேற இன்கேபபிள் என்ற கடிதத்தை வாங்கிக்கொண்டு போனார். கிழங்கில் பாதியை எனக்குத் தந்தார். இரண்டு பேரும் நல்லாகச் சிரித்தோம். அதில் என்ன பிழை என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால், வாயைக் கிழித்திருப்பேன்.

இனி என் மனுசனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் இருப்பது கொட்டாஞ்சேனையில், துறைமுகத்தில் கப்பல் ஊதினால் கேட்கும் தூரத்தில். அவர் அந்தத் துறைமுகத்தில்தான் முப்பத்தைந்து வருடம் கிளார்க்காக இருந்தார். கப்பல் சாமான் இறக்குகிற பத்திரங்களில் ஒரு நாளைக்கு இருநூறு கையெழுத்தாவது வைப்பார். முதல் எழுத்து பெரிதாக எழும்பும், பிறகு ஒரு நெளிவு, கடைசியில் பட்டம் வாலைப் போல ஒரு நீளக் கோடு. கீழே திகதி, திகதிக்கு அடியில் இரண்டு கோடு. மின்சாரக் கட்டணத் துண்டில்கூட அப்படித்தான் வைப்பார். என்னைப் பெண் பார்க்க வந்தபோது அவருடைய விபரம் எழுதித் தந்த தாளின் அடியிலும் அந்தக் கையெழுத்து இருந்தது. ஆள் எப்படியோ, கையெழுத்து நல்லா இருக்கு என்று நான் சொன்னதாக என் தங்கை இன்னும் கேலி செய்வாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, சவரம் செய்துகொண்டு நின்றவர் அப்படியே சரிந்தார். பாரிசவாதம். வலது கையும் காலும் போய்விட்டன. கால் கொஞ்சம் திரும்பி வந்தது, ஊன்றுகோலோடு நடப்பார். கை வரவில்லை. வாயில் நாலு சொல் மிஞ்சியது: ஓம், இல்லை, சரி, சனியன். சனியன் எப்படித் தப்பியது என்று டாக்டரிடம் கேட்டேன். கோபத்தில் பழகின சொற்கள் சில பேருக்கு அழியாது என்றார். ஆனால் கேட்பது எல்லாம் விளங்கும், வாசிப்பது எல்லாம் விளங்கும். அவருடைய ஆங்கிலம் என்னுடையதைவிட ஒரு படி மேலே. பேப்பரை முதல் பக்கத்தில் இருந்து மரண அறிவித்தல் வரை வாசிப்பார். வீட்டில் எழுத்து இருக்கிற எந்தத் தாளையும் விட மாட்டார்.

அவர் விழுந்து ஆறு மாதத்தில் அவருடைய கந்தோரில் இருந்து ஒரு கடிதம் வந்தது. கடமைக்குத் திரும்ப இன்கேபபிள் என்று அதில் இருந்தது. என்னுடைய சரக்கு என் வீட்டு வாசலுக்கே வந்தது. நான் அதை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

"உடம்பு தேறும் வரைக்கும் வரத் தேவையில்லையாம்" என்றேன்.

அவர் இடது கையை நீட்டிக் கடிதத்தை வாங்கினார். ஒரு தரம் வாசித்தார். மடித்து நெஞ்சில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சனியன்" என்றார்.

கந்தோருக்குச் சொன்னாரா, என் மொழிபெயர்ப்புக்குச் சொன்னாரா தெரியாது. நான் தேத்தண்ணி போடப் போய்விட்டேன்.

எங்களுக்கு ஒரே ஒரு மகள். இந்த வருடம் அவளுக்குக் கல்யாணம் சரிவந்தது. மாப்பிள்ளை டொரோண்டோ, அவருடைய தாய் தகப்பன் வெள்ளவத்தை. மூன்று கிழமை லீவில் வந்தார். இப்போதைய வழக்கப்படி இங்கே எழுத்து மட்டும். பதிவாளர் வந்து கல்யாணத்தைப் பதிவு செய்வார், அந்தச் சான்றிதழை வைத்து விசாவுக்குப் போடுவார்கள், விசா வந்ததும் அவள் போவாள், தாலி அங்கே கட்டுவார்கள். அந்தத் தாலியைப் பார்க்க நாங்கள் போகப் போவதில்லை. இந்த உடம்போடு அவரை ஒரு நாள் முழுக்கப் பிளேனில் கொண்டுபோக முடியாது, அவரை விட்டுவிட்டு நான் போக மாட்டேன். ஆகவே மகளுடைய கல்யாணத்தில் தகப்பன் என்று அவர் செய்வதற்கு இருந்தது ஒன்றே ஒன்று. பெண் பக்கச் சாட்சியாகக் கையெழுத்து வைப்பது. மகள் பதிவாளரிடம் கொடுத்த விபரத்திலும் சாட்சி என்ற இடத்தில் அப்பாவின் பெயரைத்தான் கொடுத்திருந்தாள்.

எனக்கு அது தெரிந்ததும் மகளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அப்பாவால எப்படியடி ஏலும்?" என்றேன். "பெருவிரலை மையில தோய்ச்சு வைக்கச் சொல்லுவினம்."

"வைக்கட்டுமன். அதுக்கென்ன?"

"அதுக்கென்னவோ? இருநூறு கையெழுத்து வைச்ச மனுசன், சம்பந்தி வீட்டுக்காரருக்கு முன்னால கைநாட்டு வைக்கிறதோ?"

"அம்மா, அவர் அப்பா. கைநாட்டெண்டாலும் அவர்தான் வைக்க வேணும். ஒருக்கா அவரைக் கேளுங்கோவன்."

நான் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது, மனம் நோகுமே என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், நொந்தது என்னுடைய மனம். அந்த விரலைப் பதிவாளர் பிடித்து அழுத்துவதையும், பிறகு நான் துணியால் மையைத் துடைத்துவிடுவதையும் சம்பந்தியம்மா பார்த்துக்கொண்டிருப்பதை நினைக்க எனக்குப் பொறுக்கவில்லை. வெட்கப்பட்டவள் நான். அதை அவருடைய தலையில் கட்டினேன்.

கல்கிசையில் இருக்கும் அவருடைய தம்பிக்கு போன் எடுத்தேன். "அண்ணைக்குப் பதிலா நீங்கள் வையுங்கோ தம்பி" என்றேன். "அண்ணையிட்டக் கேட்டீங்களோ அண்ணி?" என்றார் அவரும். "அவருக்குச் சரிதான்" என்று சொல்லிவிட்டேன். பிறகு பதிவாளருக்கு விசயத்தை அறிவிக்க வேண்டும். ஒரு போன் போதும். வேறு யாராக இருந்தாலும் போன்தான் எடுத்திருப்பார்கள். ஆனால் பழக்க தோஷம், எனக்கு எதற்கும் கடிதம் வேண்டும். வெள்ளவத்தை அறையில் இருந்து, கம்ப்யூட்டரில் இருந்த அந்தக் கடிதத்தைத் திறந்து, பெயரை மாற்றி, நோயை மாற்றி, என் கணவர் கையெழுத்து வைக்க இன்கேபபிள் ஆகையால் அவருடைய சகோதரர் சாட்சியாக இருப்பார் என்று ஆங்கிலத்தில் அடித்தேன். முதல் தரம் அச்செடுத்தபோது அவருடைய அடையாள அட்டை இலக்கத்தில் ஒரு எண் பிழைத்துவிட்டது. திருத்தி இரண்டாம் தரம் எடுத்தேன். பிழைத்த தாளை வழக்கம்போல் பைக்குள் வைத்தேன்.

இந்த வழக்கத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிழையாக அச்சான தாள்களை நான் எறிவதில்லை. ஒரு பக்கம்தானே பழுது, பின்பக்கம் வெள்ளை. வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் ஒரு பிஸ்கட் டின் மூடிக்குள் வெள்ளைப் பக்கம் மேலே தெரிய அடுக்கி வைப்பேன். கடைச் சாமான் துண்டு எழுத, கணக்குப் பார்க்க, மீன் முள்ளைச் சுற்றி எறிய எல்லாம் அதுதான். அச்சுப் பக்கத்தை நான் திரும்பிப் பார்ப்பதே இல்லை. நான் எழுதினது எனக்குத் தெரியாதா?

அந்த நாட்களில் அவருடைய இடது கை விரலில் நீல மை படிந்திருந்ததைக் கண்டேன். உடுத்திருந்த நல்ல சறத்திலும் இரண்டு பொட்டு. "சின்னப் பிள்ளை மாதிரி பேனையை வைச்சு விளையாடுறதோ?" என்று ஏசிவிட்டு, சறத்தை எலுமிச்சம்புளியும் உப்பும் போட்டுக் கசக்கினேன். மேசையில் தாள் அடுக்கு குறைந்துகொண்டு வந்ததையும் கண்டேன். வேலைக்காரி எடுத்து அடுப்பு மேடையில் விரித்திருப்பாள் என்று நினைத்தேன். கண் இரண்டும் நன்றாகத் தெரிகிறவளுக்கு இவ்வளவு குருடா என்று இப்போது நினைக்கிறேன்.

எழுத்துக்குப் பதினொரு நாள் இருக்கும்போது, காலைச் சாப்பாடு முடிந்ததும், எழுத்துக்கு வேண்டிய பலகாரத்துக்கும் சாமானுக்கும் துண்டு எழுத இருந்தேன். அவர் எனக்கு எதிரே நாற்காலியில் இருந்தார். மேலே கிடந்த தாள் அச்சுப் பக்கம் மேலே தெரியக் கிடந்தது. யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்று சட்டென்று திருப்பிப் போட்டு எழுதத் தொடங்கினேன்.

"இல்லை" என்றார் அவர்.

"என்ன இல்லை? நூறு ரோல்ஸ் போதாதோ?"

"இல்லை, இல்லை."

"அப்ப நூற்றைம்பது. அவையின்ர பக்கம் அவ்வளவு சனம் வராது."

இடது கையால் மேசையில் தட்டினார். தேத்தண்ணிக் கோப்பை துள்ளியது. என் கையில் இருந்த தாளை இழுக்கப் பார்த்தார்.

"கேக் வேண்டாமோ? கேக் இல்லாமல் எழுத்தோ? சும்மா இருங்கோப்பா, ஒவ்வொண்டுக்கும் குறுக்க வராமல்."

"சனியன்!" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய், மத்தியானம் வரைக்கும் உள்ளே வரவில்லை. நான் துண்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். வழியெல்லாம், மனுசனுக்குக் கேக்கில் என்ன வெறுப்பு என்று யோசித்தேன்.

எழுத்து அன்று காலை நான்தான் அவருக்கு வேட்டி கட்டி, சட்டை போட்டு, தலை இழுத்து வாரிவிட்டேன். அவர் அலுமாரியைக் காட்டினார். வேறு சட்டை கேட்கிறார் என்று நினைத்தேன். இல்லை என்று தலையாட்டி, இழுப்பறையைக் காட்டினார். அதற்குள் துறைமுகத்துக்குக் கொண்டுபோகும் பழைய பேனை கிடந்தது. அதை எடுத்துச் சட்டைப் பையில் குத்திவிட்டேன். ஆபீஸ் போகிற நினைப்பு என்று எனக்குள்ளே சிரிப்பு வந்தது. "சரி" என்றார். நல்ல தெளிவாகச் சொன்னார். அது அவர் எனக்குச் சொன்ன கடைசிச் சரி என்று எனக்கு எப்படித் தெரியும்?

வெள்ளவத்தையில் ஒரு சின்ன மண்டபம். மேசைக்கு முன்னால் மகளும் மாப்பிள்ளையும். முதல் வரிசையில் அவரை இருத்தினேன், பக்கத்தில் நான். பதிவாளர் நல்ல மனிதர், நிதானமானவர். அவர்கள் இரண்டு பேரும் கையெழுத்து வைத்தார்கள். மாப்பிள்ளை பக்கத்துச் சாட்சி வைத்தார். பிறகு பதிவாளர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, என்னுடைய கடிதத்தை உறையில் இருந்து எடுத்தார். சபைக்கு விளக்கம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, எழும்பி நின்று, ஆங்கிலத்தில் முதல் எழுத்தில் இருந்து கடைசி எழுத்து வரைக்கும் உரத்து வாசித்தார்.

இன்கேபபிள் என்ற இடத்தில் அவருடைய குரல் ஏறி இறங்கியது. அந்தச் சொல்லை அதற்கு முதல் நான் வாயால் கேட்டதே குறைவு. எழுதுவதுதான் வழக்கம். எழுதும்போது அதற்கு முகம் இல்லை. அன்று அதற்கு ஒரு முகம் இருந்தது, எனக்குப் பக்கத்தில், ஒரு முழத் தூரத்தில். பதிவாளர் அதோடு விடவில்லை. ஆங்கிலம் விளங்காதவர்களுக்காகத் தமிழிலும் சொன்னார்.

"பெண்ணின்ர தகப்பனார் ஏலாதவர். அவராலை கையெழுத்து வைக்க முடியாதபடியால் சித்தப்பா வைப்பார்."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவருடைய இடது கை சட்டைப் பையில் இருந்தது. பேனையின் மூடியை இரண்டு விரலால் பிடித்தபடி இருந்தது. அந்தக் கை அப்படியே நின்றது. பிறகு மெல்ல இறங்கி மடிக்கு வந்தது. சம்பந்தியம்மா "ஐயோ பாவம்" என்று பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னது எனக்குக் கேட்டது என்றால், அவருக்கும் கேட்டிருக்கும். மகள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் நெருப்பு இருந்தது. தம்பி எழும்பிப் போய், நான் வாங்கிக் கொடுத்த புதுப் பேனையால் கையெழுத்து வைத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். அவரும் இடது கையால் தொடையில் தட்டினார்.

அந்தக் கை ஏன் பைக்குப் போனது என்று நான் அன்று கேட்கவில்லை. மாட்டேன் என்று இல்லை, பயம். ரோல்ஸ் பரிமாறினேன், கேக் வெட்டினேன், வாய் நோகச் சிரித்தேன்.

மூன்றாம் நாள், புதன்கிழமை, வேலைக்குப் போவதற்கு முன் கைப்பையைத் துப்புரவாக்க மேசையில் கொட்டினேன். மண்டபத்துப் பற்றுச்சீட்டு, குங்குமச் சரை, சாமான் துண்டு. துண்டைக் கசக்கி எறியப் போனவள், என்ன நினைவோ, விரித்துப் பார்த்தேன். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது, மறுபக்கத்தில் நீல மை தெரிந்தது. நான் அச்செடுப்பது கறுப்பில். நீலம் எங்கே இருந்து வந்தது என்று திருப்பினேன்.

அந்தக் கடிதம். அடையாள அட்டை இலக்கம் பிழைத்த அந்த முதல் தாள். என் கணவர் கையெழுத்து வைக்க இன்கேபபிள் என்ற வரி நடுவில். அதற்குக் கீழே, நான் கையெழுத்து வைக்க விட்டிருந்த வெற்றிடத்தில், நீல மையில் ஒரு கையெழுத்து. முதல் எழுத்து பெரிதாக எழும்பி, கொஞ்சம் நடுங்கி, நெளிவு நெளிந்து, கடைசியில் வால். வால் பழைய நீளம் இல்லை. ஆனால் வால்தான். கீழே திகதி. திகதிக்கு அடியில் இரண்டு கோடு.

நான் கத்தினேன் என்று வேலைக்காரி பிறகு சொன்னாள். எனக்குக் கத்திய நினைவில்லை. தாளை மேசையில் விரித்து நீவிவிட்டதுதான் நினைவிருக்கிறது. திகதியைப் பார்த்தேன். சாமான் துண்டு எழுதிய அதே நாள். அவர் கடிதத்தை வாசித்திருக்கிறார். இடது கையால் எத்தனை நாள், எத்தனை தாளில் பழகினாரோ, பழகி முடித்து, அந்தத் தாளிலேயே பதில் வைத்து, நான் காணட்டும் என்று அச்சுப் பக்கத்தை மேலே வைத்து, எனக்கு எதிரே வந்து இருந்திருக்கிறார். கடமை தெரிந்த கிளார்க் பத்திரத்தை மேசைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பது போல. நான் அதைத் திருப்பிப் போட்டு ரோல்ஸ் எழுதியிருக்கிறேன். பொய் சொல்ல இன்கேபபிள் என்று நான் நம்பி எழுதக்கூடிய ஒரே மனுசன், ஏலும் என்று எழுத்தில் தந்தும் நான் வாசிக்கவில்லை.

தாளை மறுபடி திருப்பினேன். என்னுடைய எழுத்து. நூற்றைம்பது ரோல்ஸ், நூறு பட்டிஸ், கேக், சந்தனம், குங்குமம், பன்னீர், வெற்றிலை. கடைசி வரியில், சரியாக அவருடைய கையெழுத்துக்குப் பின்னால், நானே எழுதியிருந்தேன்: எழுத்துக்கு நல்ல பேனை ஒன்று.

தாளோடு பல்கனிக்கு ஓடினேன். அவர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். "ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். நாலு சொல் மிஞ்சிய மனிதரிடம் அப்படிக் கேட்ட மடைச்சி நான். அவர் என் கையில் இருந்த தாளில், அந்த நீல மையில், இடது கைச் சுட்டுவிரலால் இரண்டு தரம் தட்டினார். பிறகு பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். நான் நிலத்தில் குந்தி அவருடைய காலைப் பிடித்து அழுதேன். பேப்பர் இறங்கவில்லை.

பதிவாளருக்கு போன் எடுத்தேன். இன்னொரு சாட்சியாகச் சேர்க்க வழி இருக்கிறதா, கடிதம் வேண்டுமென்றால் எத்தனை வேண்டுமென்றாலும் எழுதித் தருகிறேன் என்றேன்.

"ஏலாது அம்மா" என்றார். "புத்தகத்தில எழுதினது எழுதினதுதான்."

மகள் கந்தோரால் வந்ததும் தாளைக் காட்டினேன். அவள் தாளின் இரண்டு பக்கத்தையும் பார்த்தாள். நேரே போய் அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அப்பா, அப்பா என்று அழுதாள். அவர் அவளுடைய தலையைத் தடவினார். "சரி, சரி" என்றார். "சரி." நான் குசினி வாசலில் நின்று கேட்டேன்.

அந்தத் தாளை மகள் தன்னுடைய சான்றிதழ்க் கோப்புக்குள், கல்யாணச் சான்றிதழுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். விசா வந்தால் அதுவும் கனடா போகும். ரோல்ஸும் கேக்கும் சேர்ந்துதான் போகும்.

போன கிழமை தபால்காரர் பதிவுத் தபால் ஒன்று கொண்டுவந்தார். அவருடைய பெயருக்கு வந்தது. தபால்காரர் கையெழுத்துப் புத்தகத்தை வழக்கம்போல் என்னிடம் நீட்டினார், நானும் வழக்கம்போல் கையை நீட்டிவிட்டேன். பின்னால் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. நான் ஒதுங்கி நின்றேன். அவர் புத்தகத்தைக் கதவுப் பலகையில் வைத்து, ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கி, சட்டைப் பையில் இருந்த பேனையை எடுத்து, பல்லால் மூடியைக் கழற்றினார். நல்ல நேரம் எடுத்தது. தபால்காரர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு பொறுமையாக நின்றார். முதல் எழுத்து, நெளிவு, வால், திகதி, இரண்டு கோடு.

"ஹரி மஹத்தயா" என்றார் தபால்காரர், சிங்களத்தில் சரி ஐயா என்று.

"சரி" என்றார் அவர்.

கதவைச் சாத்தினேன். "நல்லா வைச்சிருக்கிறீங்கள்" என்றேன். அவர் பேனையை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு, என்னைத் தாண்டிப் பல்கனிக்கு நடந்தார்.

அவரிடம் மிஞ்சியிருப்பது நாலு சொல். அதில் மூன்றைத்தான் எனக்குத் தருகிறார்.